நோட்டீஸ் போர்டில் படித்த லத்தீன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நான் ஃபிட்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தது 1993இல். கையில் புழங்கிய சாமான்களின் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் குட்டையானவை: ஹேமர், நட், போல்ட், ரோப், வீல், சா. எடுத்துப் பிடித்தாலே பொருள் விளங்கிவிடும். டைம் ஆபீஸிலிருந்து வரும் காகிதங்களில் இருந்த சொற்கள் வேறு ரகம். புரொபேஷன், கன்ஃபர்மேஷன், இன்கிரிமென்ட், டிடக்‌ஷன், சஸ்பென்ஷன், டெர்மினேஷன், கிராஜுவிட்டி. எங்கள் சம்பளமும் வேலையும் இந்த இரண்டாவது ரகத்தில்தான் அடங்கியிருந்தன. தமிழ் வழியில் பத்தாவது முடித்து, ஐடிஐ படித்துவிட்டு வந்த எங்களுக்கு அவை வெறும் சத்தங்கள். சஸ்பெண்ட் என்றால் வீட்டில் இரு, டெர்மினேஷன் என்றால் திரும்பி வராதே. அதற்குமேல் தெரியாது, கேட்கவும் ஆளில்லை.

என் ஊர் வள்ளூர். பக்கத்தில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் கட்டி முடியும் தறுவாயில் இருந்த காலம் அது. விடியற்காலையில் சைக்கிளை மிதித்து மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் போய் மூர் மார்க்கெட்டிலிருந்து வரும் மின்சார ரயிலைப் பிடிப்போம். அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி. அரை மணி நேரப் பயணம். எங்கள் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்த ஒருவர் எண்ணூரில் ஏறி எனக்கு முன்பே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ரயிலில் எல்லோரும் அவரைச் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

சார் தெற்கத்திக்காரர். சிறு பையனாக இருந்தபோது சாமியாராகப் படிக்க வீட்டில் அவரைக் குருமடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடியும்வரை கத்தோலிக்கப் பூசையும் குருமடப் படிப்பும் பெரும்பாலும் லத்தீனில்தான். அந்தக் கடைசித் தலைமுறை மாணவர்களில் அவரும் ஒருவர். குருப்பட்டம் வாங்காமலே வெளியே வந்து, சென்னைக்கு வந்து, கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். குடும்பம், பிள்ளைகள் என்று வாழ்க்கை வேறு பக்கம் போனாலும் லத்தீன் மட்டும் அவரிடம் கரையாமல் இருந்தது. அதைப் பேச அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன்.

முதல் பாடம் ஒரு மூட்டையிலிருந்து வந்தது. எங்கள் ஆலையில் பழைய இரும்பை உருக்கிப் பாளம் போடுவார்கள். உருகிக் கொதிக்கும்போது சேர்க்க 'ஃபெரோ சிலிகான்', 'ஃபெரோ மாங்கனீஸ்' என்று அச்சடித்த மூட்டைகள் வரும். ஸ்கிராப் யார்டில் கூலிக்கு வந்த பெண்கள்கூட இரும்பு ஒரு குவியல், பித்தளை, செம்பு, அலுமினியம் இன்னொரு குவியல் என்று பிரித்து 'ஃபெரஸ்', 'நான்-ஃபெரஸ்' என்று சொல்வார்கள். ஒருநாள் சார் கேட்டார்:

"பத்தாவதுல இரும்புக்கு என்ன குறியீடு படிச்சே, தம்பி?"

"எஃப்-ஈ, சார்."

"அயர்ன்ல எஃப் எங்க இருக்கு?"

பள்ளிக்கூடத்தில் இந்தச் சந்தேகம் எனக்கு இருந்தது. சோடியத்துக்கு ஏன் என்-ஏ, பொட்டாசியத்துக்கு ஏன் கே, தங்கத்துக்கு ஏன் ஏ-யு என்று வாத்தியாரைக் கேட்டால், 'அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு' என்பதுதான் பதில். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் 1813 வாக்கில் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தபோது லத்தீன் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்தார் என்பதைச் சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரும்பு ஃபெர்ரும், தங்கம் ஔரும், வெள்ளி அர்கெந்தும், ஈயம் ப்ளும்பும். வெள்ளி கிடைக்கும் என்று நம்பிப் போன நாட்டுக்கு அர்ஜென்டினா. ரோமானியர்கள் ஈயக் குழாயில் தண்ணீர் விட்டதால் குழாய் வேலைக்காரர் பிளம்பர். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக் குண்டும் ஆங்கிலத்தில் ப்ளம்ப்-பாப்தான். அந்தக் குண்டை ஈயத்தில் செய்தார்கள்.

"தமிழ் மீடியத்துலயே கொஞ்சம் லத்தீன் படிச்சிட்டுத்தான் வந்திருக்கே. உனக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்" என்றார்.

இந்த ஒரு பேச்சு எனக்குள் செய்த வேலையை இன்றும் என்னால் முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆங்கிலம் தெரியாதவன் என்று முத்திரை குத்தப்பட்டவனிடம், உன் கையில் ஏற்கெனவே சரக்கு இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதன்பின் ஆலைக்குள் காதில் விழும் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் உலையின் பெயர் இண்டக்‌ஷன் ஃபர்னஸ். 'டூகெரெ' என்றால் நடத்திச் செல்லுதல். மின்சாரத்தை உள்ளே நடத்திச் சென்று இரும்பைச் சூடாக்குவதால் இண்டக்‌ஷன். மின்சாரத்தைக் கூடவே நடத்திச் செல்லும் கம்பி கண்டக்டர், பயணிகளைக் கூட்டிச் செல்பவரும் கண்டக்டர். சம்பளத்திலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனால் டிடக்‌ஷன். முன்னே கொண்டுவந்தால் புரொடக்‌ஷன். இந்த ஒரு வேரில் அந்த வாரம் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் நிரம்பிப்போனது.

'மித்தெரெ' என்றால் அனுப்புதல். உலைக்கு மேலே ஏறி வேலை செய்ய 'ஒர்க் பெர்மிட்' வாங்க வேண்டும். உள்ளே அனுப்பக் கொடுக்கும் அனுமதி அது. அட்மிட், சப்மிட், டிஸ்மிஸ் எல்லாம் இதே கிளை. அத்திப்பட்டிலிருந்து வயல்களின் மேலே போகும் உயரழுத்தக் கம்பிகள் டிரான்ஸ்மிஷன் லைன், அக்கரைக்கு அனுப்புவது. வீட்டுக்கு மணியார்டர் அனுப்பினால் ரெமிட்டன்ஸ்.

சார் பாடம் நடத்திய முறையில் எனக்கு மிகப் பிடித்தது, அவர் நன்னூலைக் கையில் எடுத்ததுதான். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படிக்காத தமிழ்ப் பிள்ளை கிடையாது. 'வந்தான்' என்பதை வா, த், த், ஆன் என்று பிரித்து, 'வா' குறுகி 'வ' ஆனது விகாரம், முதல் 'த்' 'ந்' ஆனதும் விகாரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் வரிசைப்படுத்திய ஆறு உறுப்புகளையும் சார் எங்கள் கண்முன்னே ஆங்கிலத்தின்மேல் வைத்துக் காட்டினார்.

"பொன்னும் குடமும் சேர்ந்தா என்ன?"

"பொற்குடம்."

"பல்லும் பொடியும்?"

"பற்பொடி."

"அப்ப இன் கூட லீகல் சேர்ந்தா 'இல்லீகல்' ஆவறதுல என்ன ஆச்சரியம்? இன் கூட ரெகுலர் சேர்ந்தா 'இர்ரெகுலர்'. இன் கூட பாசிபிள் சேர்ந்தா 'இம்பாசிபிள்'. கான் கூட மிஷன் சேர்ந்தா 'கமிஷன்'. வர்ற எழுத்தப் பார்த்து நிக்கற எழுத்து மாறுது. சந்திதான்."

விகாரத்துக்கும் உதாரணம் வைத்திருந்தார். 'ஃபகெரெ' என்றால் செய்தல். அதிலிருந்து ஃபேக்டரி. முன்னொட்டுச் சேர்ந்தவுடன் உயிரெழுத்து மாறி பெர்ஃபெக்ட், எஃபிஷியன்ட், டெஃபிசிட் என்று போகும். 'ஃபக்', 'ஃபெக்', 'ஃபிக்' மூன்றும் ஒரே பகுதி, 'வா'வும் 'வ'வும் ஒன்றாயிருப்பதைப் போல. ஆங்கிலேயப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் கிடையாது; அவன் சொல்லைச் சொல்லாகவே விழுங்குகிறான், நமக்குப் பிரித்துப் பார்க்கும் கண் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது என்பார் சார். தமிழ் வகுப்பில் கற்ற வித்தையை அடுத்த மணியில் ஆங்கில வகுப்பில் பயன்படுத்தச் சொல்லும் ஆசிரியர் ஒருவர்கூட எனக்கு வாய்க்கவில்லை. இன்றைக்கும் பள்ளிகளில் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே இருக்கும் சுவர் அப்படியே நிற்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் அந்தச் சுவரை இடிக்க முயன்றால் பணச் செலவே இல்லாமல் பாதி வேலை நடக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பாதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எதிர்த்திசையில் நடக்கப்பட்ட பாதை என்பதையும் சார் அடிக்கடி நினைவூட்டுவார். பாதிரியார் சீகன்பால்கு தமிழுக்கு எழுதிய இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது, எழுதியது லத்தீனில். வீரமாமுனிவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை எழுதியதும் லத்தீனில்தான், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்ததும் லத்தீனுக்குத்தான். ஐரோப்பியர்கள் லத்தீன் வழியாகத் தமிழைப் பிடித்தார்கள். நாங்கள் தமிழ் இலக்கணத்தின் வழியாக லத்தீனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து நோட்டீஸ் போர்டு. 1995 நவம்பரில் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி பிஎஃப்-க்குக் கட்டும் பங்கில் 8.33 சதவீதம் இனி பென்ஷன் கணக்குக்குப் போகும் என்று ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கையை ஒட்டினார்கள். நம் பணத்தைப் பிடிக்கிறார்கள் என்று ஒரே சலசலப்பு. மறுநாள் ரயிலில் சார் அந்தச் சுற்றறிக்கையின் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிராவிடென்ட்: 'ப்ரோ' முன்னால், 'விதேரெ' பார்த்தல், வரப்போவதை முன்னால் பார்த்துச் சேர்க்கும் நிதி. மேலிருந்து பார்ப்பவர் சூப்பர்வைசர், அதே வேர். கான்ட்ரிபியூஷன்: எல்லோரும் சேர்ந்து ஆளுக்கொரு பங்கு கொடுப்பது.

பென்ஷனுக்கு வந்தபோது அவர் குரலில் ஒரு உற்சாகம் ஏறியதைக் கவனித்தேன். 'பெந்தெரெ' என்றால் தொங்கவிடுதல். தராசைத் தொங்கவிட்டால் நிறுத்தல். நாணயம் எண்ணாமல் உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தில் நிறுத்தல் என்றால் பணம் கொடுத்தல். அதனால் நிறுத்துக் கொடுக்கும் தொகை பென்ஷன். கையைவிட்டு நிறுத்துக் கொடுத்தது எக்ஸ்பென்ஸ். இழந்ததற்கு ஈடாக மறு தட்டில் வைப்பது காம்பென்சேஷன். விபத்தில் கை போனவர்களுக்காக 1923இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே அது இருந்தது. முடிவு சொல்லாமல் தொங்கவிட்டால் பென்டிங். வேலையும் இல்லை, நீக்கமும் இல்லை என்று நடுவில் தொங்கவிட்டால் சஸ்பென்ஷன். எங்கள் ஆலை வாசலில் லாரிகளை ஏற்றி நிறுக்கும் எடைமேடையைத் தினமும் தாண்டித்தான் உள்ளே போவோம். ஒரு தராசிலிருந்து இத்தனை சொற்கள் இறங்கி வந்து எங்கள் வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்பது தெரிந்த பிறகு அந்த மேடையை நின்று பார்க்காமல் என்னால் போக முடிந்ததில்லை.

இந்தப் படிப்பு பொழுதுபோக்கு மட்டுமே என்று நினைத்தவர்களும் ரயிலில் இருந்தார்கள். அவர்கள் எண்ணத்தை மாற்றியது ஒரு சார்ஜ் ஷீட். சிப்காட்டில் வேறொரு யூனிட்டில் வேலை செய்த பையன் ஒருவன், எங்களோடு மீஞ்சூரில் ஏறுபவன், ஒருநாள் வெளிறிய முகத்தோடு காகிதத்தை நீட்டினான். அவனை 'இன்சபார்டினேஷன்' என்ற குற்றத்துக்காக 'டொமெஸ்டிக் என்கொயரி' முடியும்வரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். டொமெஸ்டிக் என்ற சொல் அவனுக்கு கேஸ் சிலிண்டரில் மட்டும் பழக்கம்.

"எங்க வீட்டப் பத்தி விசாரிப்பாங்களா, சார்? அப்பா உடம்பு சரியில்லாம இருக்காரு" என்று கேட்டான்.

சார் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். 'தோமுஸ்' என்றால் வீடு. இங்கே கம்பெனியே ஒரு வீடு. போலீஸ், கோர்ட் என்று வெளியே போகாமல் உள்ளுக்குள் நடத்தும் விசாரணை. உன் அப்பாவை யாரும் தொடமாட்டார்கள். இன்சபார்டினேஷனில் நான்கு துண்டு: 'இன்' இல்லை, 'சப்' கீழே, 'ஆர்டோ' வரிசை அல்லது கட்டளை, கடைசியில் விகுதி. கட்டளைக்குக் கீழே நிற்கவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் முதலில் ஒரு கட்டளை இருந்திருக்க வேண்டும். யார் கொடுத்த கட்டளை, எந்தத் தேதி, எழுத்திலா வாயிலா? காகிதத்தில் அது இல்லை. பதில் கடிதத்தில் அதைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

அப்புறம் காகிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த இன்னொரு சொல்லைத் தொட்டுக் காட்டினார்: 'சப்சிஸ்டன்ஸ் அலவன்ஸ்'. 'சிஸ்தெரெ' நிற்றல், 'சப்' கீழே. விழாமல் தாங்கி நிற்கவைக்கும் தொகை. அன்று நடப்பில் இருந்த நிலையாணைச் சட்டப்படி சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதற்குமேல் தொழிலாளியின் குற்றமில்லாமல் விசாரணை நீண்டால் முக்கால் சம்பளம். அந்தப் பையன் ஒரு பைசாவும் வராது என்று நினைத்து மனைவியின் கம்மலை அடகு வைக்க எடுத்துக்கொண்டு வந்திருந்தான். பொன்னேரியில் அவனை இறக்கி யூனியன் ஆபீஸுக்கு அனுப்பிவைத்தோம். தொகை வந்தது. விசாரணையில் கட்டளை எது என்பதை அவர்களால் சொல்ல முடியாமல், எச்சரிக்கையோடு அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம்தான் அவனைக் காப்பாற்றியது, யூனியன்காரர்களின் உழைப்பு காப்பாற்றியது. ஆனால் சட்டம் தன் பக்கம் இருப்பது காகிதத்திலேயே எழுதியிருந்தும் அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அன்று ரயிலில் திரும்பும்போது சார் இங்கிலாந்தின் கதையைச் சொன்னார். 1066இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் மாறின. சுத்தியல் பிடித்தவனும் ஏர் ஓட்டியவனும் ஆங்கிலம் பேசினார்கள். அவர்கள் நிலத்தைப் பறிக்கும் தீர்ப்பு அவர்களுக்குப் புரியாத மொழியில் வந்தது. 1362இல்தான் வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து லத்தீன் கடைசியாக விலகியது 1733இல். ஹேமர், நட், வீல் எல்லாம் ஏன் குட்டை, டெர்மினேஷன் ஏன் நீளம் என்ற என் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. வேலை செய்தவனின் சொல் ஒரு மொழியிலும் வேலை வாங்கியவனின் சொல் இன்னொரு மொழியிலும் இருந்த காலத்தின் தடம் அது. ஆங்கிலத் தொழிலாளியும் ஒரு காலத்தில் எங்களைப் போல நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ தேடியவன்தான் என்பது எனக்கு ஒரு விசித்திரமான உறவைத் தந்தது.

வேரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நடக்கக்கூடாது என்பதிலும் சார் கண்டிப்பானவர். மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எங்கள் பக்கத்துச் சாலைகளில் டேங்கர் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பின்புறம் சிவப்பு எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. 'இன்' என்றால் இல்லை என்று படித்த பையன், தீப்பிடிக்காது என்றல்லவா பொருள் கொள்வான்? இங்கே 'இன்' உள்ளே என்ற முன்னொட்டு. எளிதில் தீக்குள் போவது. இந்தக் குழப்பம் உயிரை வாங்கும் என்பதால்தான் பாதுகாப்புத் துறையினர் முன்னொட்டை எடுத்துவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதச் சொன்னார்கள். இன்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், இரண்டுக்கும் ஒரே பொருள். பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறவர்கள் இதைத் தவறாமல் சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்று 'சாலரி'. அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் உப்பளங்கள் இருந்ததால் இந்தக் கதை எங்கள் ரயிலில் ரொம்பப் பிரபலம்: ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள் என்பது. மேடைப் பேச்சாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். 'சால்' என்றால் உப்பு, 'சலாரியும்' என்றால் சம்பளம், இரண்டுக்கும் தொடர்பு உண்டு, அதுவரை உண்மை. ஆனால் சிப்பாய்க்கு உப்பை அளந்து கொடுத்ததாக ரோமானியர் யாரும் எழுதி வைக்கவில்லை. சொல்லில் வேர் இருந்தால் வேர் மட்டும்தான் நிச்சயம், அதைச் சுற்றிய கதைக்குத் தனிச் சாட்சி வேண்டும் என்று சார் அழுத்திச் சொன்னார்.

அதே கண்டிப்பு தமிழ் விஷயத்திலும் அவருக்கு இருந்தது. பாதம் என்பதையும் பெடல், பெடஸ்ட்ரியன் என்பதையும் பக்கத்தில் வைத்தால் மனசு துள்ளும். தந்தம், டென்டிஸ்ட், நாமம், நாமினேஷன், நவம், நவம்பர், தசம், டிசம்பர். ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, அதனால் டிசம்பர் பத்தாவது மாதம். பையன்கள் உடனே லத்தீன் தமிழிலிருந்து வந்தது என்று குதிப்பார்கள். இவை வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள், வடமொழியும் லத்தீனும் ஒரு குடும்பம், தமிழ் தனிக் குடும்பம் என்பார் சார். இதை 1816இலேயே எழுதிக் காட்டியவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ். கால்டுவெல் வந்து விரித்துச் சொன்னது 1856இல். தமிழுக்குப் பெருமை சேர்க்கிறேன் என்று பொய் சொல்லத் தேவையில்லை. இரவல் வாங்கிய சொற்கள் இன்னொரு மொழியின் கதவைத் திறந்துவிடுமானால் தாராளமாகத் திறக்கட்டும்.

பயிற்சி முடிந்து நான் நிரந்தரமானபோது சார் ஒரு புத்தகம் வாங்கச் சொன்னார். அமெரிக்கரான நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈசி'. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போனாலும் பழைய புத்தகக்காரர்கள் அல்லிக்குளம் பக்கம் கடை போட்டிருந்தார்கள். எங்கள் ரயில் கிளம்பும் இடமே அதுதான். முனை மடிந்த ஒரு பிரதி கிடைத்தது. 'ஈகோ' நான், 'ஆல்டர்' பிறன், 'வெர்தெரெ' திரும்புதல் என்று மனிதர்களின் குணங்களில் தொடங்கி, மருத்துவர்களின் பெயர்களுக்குப் போய், வேர்வேராக வளரும் நல்ல புத்தகம். லத்தீனையும் கிரேக்கத்தையும் பிரித்துச் சொல்கிறது. 'பெட்' லத்தீனில் கால், கிரேக்கத்தில் 'பெய்ட்' குழந்தை என்று அதில்தான் தெளிந்தேன். ஆனாலும் அதன் உதாரணங்கள் அமெரிக்க வரவேற்பறையில் நடக்கின்றன. உலையும் எடைமேடையும் சார்ஜ் ஷீட்டும் அதில் கிடையாது. அதனால் என் நோட்டுப் புத்தகத்தை நான் கைவிடவே இல்லை.

சார் ஓய்வுபெற்றுத் தெற்கே ஊருக்குப் போனார். கடைசிவரை எனக்குக் கடிதம் எழுதினார், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வேர். 2012இல் எங்கள் ஊரின் பெயரிலேயே வள்ளூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள். அதுவும் எனக்கு ஒரு சொற்கூடமாகத்தான் தெரிந்தது. 'துர்போ' என்றால் பம்பரம், சுழற்காற்று. 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் பூர்தேன் அதிலிருந்து டர்பைன் என்ற சொல்லை ஆக்கினார். சாம்பலைத் தலைகீழாக விழவைக்கும் கருவி பிரெசிபிடேட்டர். 'கபுத்' என்ற தலை அதற்குள் இருக்கிறது. 'ஃப்ளுவெரெ' ஓடுதல், வெளியே ஓடும் கழிவு எஃப்ளுவென்ட், பெருகி ஓடிவரும் செல்வம் அஃப்ளுவென்ட். கொசஸ்தலை ஆற்றங்கரையில் வளரும் பிள்ளைக்கு அந்த இரண்டு சொற்களையும் விளக்கப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

சாயங்காலங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்ததும் அந்த ஆண்டுகளில்தான். அறிவியல் பாடத்தில் அறிவியல் பெயர்களைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்கு நான் முதலில் எழுதிப்போடுவது மாமரத்தின் பெயர்: மாஞ்சிஃபெரா இண்டிகா. 'ஃபெர்ரெ' என்றால் சுமத்தல், தாங்குதல், டிரான்ஸ்ஃபரில் இருப்பது. 'மாங்கா' என்பது தென்னாட்டுக் கடற்கரையிலிருந்து போர்ச்சுகீசியர் வாயில் ஏறிப்போன நம் மாங்காய். மாங்காயைச் சுமக்கும் மரம், இந்தியாவினது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பதித்த அந்தப் பெயரில் ஒரு பாதி நம் சொல் என்று சொன்னதும் வகுப்பின் முகமே மாறிவிடும். அதற்கப்புறம் பெரிய சொல் எதைப் போட்டாலும் பயப்படாமல் கத்தியை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

சென்ற வருடம் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி 'ரெக்கவரி' என்ற சொல்லை எழுதி வந்தாள். அவள் அம்மா குழுக் கடன் வாங்கியிருக்கிறார். ரெக்கவரி ஆபீசர் வந்து போனாராம். 'ரீ' மறுபடி, 'கவர்' மூடுதல் என்று பிரித்துவிட்டு, கடனை மறுபடி மூடுவதா என்று கேட்டாள். சார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்; பிரித்தது தப்பு, ஆனால் பிரிக்கத் தோன்றியிருக்கிறது. பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை அவள் முன் வைத்தேன். பதிவில் சொல்லின் வேரைச் சொல்லும் பகுதியைப் பார்க்கச் சொன்னேன். மூடுதலுக்கு அங்கே இடமே இல்லை. 'ரெகுபெராரே', திரும்பக் கைக்கொள்ளுதல். பிடித்தல் என்ற பொருளுடைய 'கபெரெ'யின் உறவு. அதே 'கபெரெ'யிலிருந்து வேறு என்னென்ன வந்திருக்கிறது என்று அவளே பக்கங்களைப் புரட்டி, அக்செப்ட், கெபாசிட்டி, ரிசீவ் என்று பட்டியல் போட்டாள். கடைசியாக 'ரிசீப்ட்' என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

"திருப்பிக் கட்டினா ரெக்கவரி, வாங்கினதுக்கு அடையாளம் ரிசீப்ட். ரெண்டும் ஒரே வேர். அம்மா வாராவாரம் கட்டறாங்க சார், ரிசீப்ட் எதுவும் வாங்கல."

அடுத்த வாரத்திலிருந்து ரசீது வாங்கினார்கள்.